மன்னிக்கணும், எடுக்க முடியாது

திருவொற்றியூரில், கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி, கன்டெய்னர்களைத் திறந்து சரக்குப் பிரிக்கும் யார்டு ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த நூற்று நாற்பது பேரில், ‘முடியாது’ என்ற சொல்லை வாயால் சொல்லியறியாதவர், சரக்குக் கணக்கு எழுதும் பீம்ராவ் ஒருவரே. பகலுணவை எடுத்து வைக்கும் நேரத்தில் யாராவது, “சார், இத்த மட்டும் கொஞ்சம் எய்திக் குடுத்துடு” என்று வந்து நின்றால், டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுதிக் கொடுப்பார். பேருந்தில் தம் காலை மிதித்தவரிடம் தாமே வருத்தம் தெரிவிப்பார். ஒருமுறை மூடியிருந்த கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டபோது, அந்தக் கதவைப் பார்த்து, “மன்னிக்கணும்” என்றார். அதைக் கண்டவர், பீம்ராவின் கெட்ட நேரம், தண்டபாணியாக இருந்துவிட்டார். அன்று மாலைக்குள் யார்டு முழுவதும் பீம்ராவுக்கு ‘மன்னிக்கணும் சார்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தண்டபாணி, சரக்கின் இரும்புப் பட்டைகளை வெட்டிக் கட்டுப் பிரிக்கும் குழுவுக்கு மேஸ்திரி. காசிமேட்டு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். நாலு படகு தள்ளி நிற்பவருக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகவே வளர்க்கப்பட்ட குரல் அவருடையது. அந்தக் குரலைக் கடலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை. யார்டின் வடகோடியில் நின்று அவர் தேநீர் கேட்டால், தென்கோடியில் இருக்கும் பீம்ராவின் மேசைமீது பேனா உருளும்.

இவ்விருவருக்கும் இடையே ஓர் இறால் விவகாரம் இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தண்டபாணியின் மகள் அம்முவைப் பள்ளியில் சேர்ப்பதற்குப் பீம்ராவ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பிள்ளைக்கு இடம் கிடைத்தது. கல்மண்டபம் மீன் அங்காடியில் கடை போட்டிருக்கும் தண்டபாணியின் மனைவி கோவிந்தம்மா, நன்றிக்கடனாக ஒரு பை இறால் கொடுத்தனுப்பினார். பீம்ராவ் கை கூப்பி வாங்கிக்கொண்டார். இறால் பட்டாலே தமக்கு உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கிவிடும் என்பதை எப்படிச் சொல்வது? மறுவாரம், “நல்லா இருந்துச்சா சார்?” என்று தண்டபாணி கேட்டபோது, “அருமை” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லின் பயனாக ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பை தவறாமல் வந்தது. வியாசர்பாடிக் குடியிருப்பில் அவருக்கு அடுத்த வீட்டார் இறால் தொக்கிலேயே வளர்ந்தார்கள். அவர் மனைவி யசோதரா மட்டும் வாரந்தோறும் பையை வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் கணவரை ஒரு பார்வை பார்ப்பார்.

யார்டில் முதலுதவிப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, யார் பெயரை எழுதியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பீம்ராவ் போய் உட்கார்ந்தார். பாடம் நடத்தியவர் ஜானட் என்ற ஓய்வு பெற்ற செவிலியர். சைக்கிள் டியூபில் சிவப்புச் சாயத் தண்ணீரை நிரப்பி, அதில் ஓட்டை போட்டு, ஒவ்வொருவரையும் அழுத்தச் சொன்னார். பீம்ராவ், தண்ணீர் நின்றுவிட்டதா என்று விரலைத் தூக்கிப் பார்த்தார். சாயம் அவருடைய வெள்ளைச் சட்டையில் பீறியடித்தது.

“எதுக்கு எடுத்தீங்க? தோசையா அது, வெந்துச்சான்னு திருப்பிப் பார்க்க?” என்றார் ஜானட். “ரத்தம் பீறினா அழுத்தணும். அழுத்தினா எடுக்கக் கூடாது. கலெக்டரே வந்து சொன்னாலும் எடுக்கக் கூடாது. கையில கத்தி வச்சிருக்கிற ஆளு வந்து ‘எடு’ன்னு சொன்னாத்தான் எடுக்கணும். புரியுதா?”

அறுவை செய்யும் மருத்துவரைத்தான் அவர் அப்படிக் குறிப்பிட்டார். பீம்ராவ் அதைத் தம் நோட்டில் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார்.

*

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றைத் தண்டபாணி பிரித்துக்கொண்டிருந்தார். விண்ணென்று இழுபட்டிருக்கும் பட்டையை வெட்டும்போது ஒதுங்கி நிற்கவேண்டும். கவனத்தை வேறு பக்கம் திருப்பவே கூடாது. இதைப் புதிதாக வருபவர்களுக்கெல்லாம் அடித்துச் சொல்பவரே அவர்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பீம்ராவ் பட்டியலுடன் வந்து, குழாய்க் கட்டின்மேல் படுத்திருந்த நாயிடம், “கொஞ்சம் நகர்ந்துக்கோப்பா” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“டேய், பாருங்கடா! மன்னிக்கணும் சாரு நாயாண்ட பர்மிசன் கேட்டுகினு கீறாரு!” என்று தண்டபாணி திரும்பிக் கூவினார். கூவியபடியே வெட்டினார்.

பட்டை அறுந்து சாட்டைபோல் சுழன்றது. அவருடைய வலப்பக்கம், கழுத்து தோளுடன் சேரும் குழியில், காறை எலும்பை ஒட்டி ஒரு முறை தொட்டுவிட்டுத் தரையில் விழுந்து துள்ளியது. தண்டபாணி, “இன்னாடா இது” என்றார். அதன்பின்தான் இரத்தம் வந்தது. அது வழியவில்லை, துடித்துத் துடித்துப் பாய்ந்தது.

நாய் ஓடிவிட்டது. மற்றவர்கள் கல்லாய்ச் சமைந்து நின்றார்கள். பீம்ராவ் பட்டியலைக் கீழே போட்டார். இருபது ஆண்டு உத்தியோகத்தில் அவர் ஒரு காகிதத்தைத் தரையில் போட்டது அதுவே முதல் முறை.

“தண்டபாணி, மன்னிக்கணும், தொடுறேன்” என்றார்.

முதலில் கைக்குட்டையை வைத்து அழுத்தினார். நான்கு துடிப்புக்குள் அது நனைந்து போயிற்று. பிறகு, என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள், சுட்டுவிரலையும் நடுவிரலையும் காயத்துக்குள்ளேயே விட்டு, காறை எலும்புக்குப் பின்னால், கீழே கிடைத்த கடினமான எலும்பின்மேல் அழுத்தினார். விரல்களுக்கடியில் ஒன்று குருவிக் குஞ்சைப்போல் படபடத்தது. பாய்ச்சல் நின்றது.

எல்லாம் நின்றதும், எல்லாருக்கும் யோசனை வந்துவிட்டது.

“காப்பித்தூள் கொண்டாங்கடா!” என்று சூப்பர்வைசர் மாசானம் கத்தினார். யாரோ கேன்டீனிலிருந்து டப்பாவையே தூக்கி வந்துவிட்டார்கள். “கையை எடுங்க பீம்ராவ், ரெண்டு பிடி வச்சு அமுக்கிடலாம்.”

“மன்னிக்கணும் சார், எடுக்க முடியாது.”

மாசானம் தம் காதுகளை நம்பாமல் ஒரு கணம் நின்றார். பிறகு தோளிலிருந்த துண்டை உருவினார். “சரி, இதால கட்டு. கையில அடிபட்டா மேல இறுக்கிக் கட்டுறோம்ல? அதே மாதிரி கட்டு.”

“கழுத்துல எப்படி சார் இறுக்கிக் கட்டுறது?”

மாசானம் துண்டைப் பார்த்தார். தண்டபாணியின் கழுத்தைப் பார்த்தார். துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

“ரத்தம் நின்னுச்சா இல்லியானு கொஞ்சம் தூக்கிப் பாரு சார்” என்றான் ஒருவன்.

“தோசையாப்பா அது?” என்றார் பீம்ராவ்.

தரையில் கிடந்த தண்டபாணியின் உதடுகள் வெளுத்திருந்தன. ஆனாலும் வாய் மூடவில்லை. “யோவ் மன்னிக்கணும்… இன்னாயா நோண்டிகினு கீற… கூசுதுயா.”

“பேசாதீங்க தண்டபாணி.”

“நானா? பேசாம… கீறதா?” என்று கேட்டுவிட்டு அவர் கண்களை மூடிக்கொண்டார்.

*

நூற்றெட்டு ஆம்புலன்ஸில் வந்த உதவியாளரின் பெயர் நிலவன். அவர் எட்டிப் பார்த்தார். விரல்கள் போயிருந்த இடத்தைப் பார்த்தார். “சார், நீங்க இவருக்குச் சொந்தமா?” என்றார்.

“இல்லைங்க. ஒரே யார்டு.”

“இனிமே சொந்தம்தான். அப்படியே வாங்க. அந்த விரல் அசைஞ்சா, இவரைத் தூக்கிட்டுப் போறதுக்கு நாங்க தேவையில்லை.”

ஆகவே தண்டபாணி படுத்தவாறும், பீம்ராவ் குனிந்தவாறும், ஸ்ட்ரெச்சர் ஏறியது. குனிந்து குனிந்தே வாழ்ந்த முதுகு ஆனதால், அது அவருக்குப் பெரிய துன்பமாக இல்லை. விரல்கள்தாம் எரியத் தொடங்கியிருந்தன.

வண்டி சுங்கச்சாவடி தாண்டி நூறு அடி போயிருக்கும், நின்றுவிட்டது. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள், மலைப்பாம்பு இரை விழுங்கிவிட்டுக் கிடப்பதுபோல் காசிமேடு வரை கிடந்தன. சைரன் அலறியது. லாரிகள் அதை ஒரு பாட்டைப்போல் கேட்டுக்கொண்டு நின்றன. ஒதுங்குவதற்கு இடம் இருந்தால் அல்லவா ஒதுங்குவதற்கு?

நிலவன் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார். வலக்கை மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, நாடி இல்லையென்று தலையசைத்தார். இடக்கையைப் பிடித்துச் சற்றே நிம்மதி அடைந்தார். “இந்தக் கைக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாயே அறுந்திருக்கு. நெஞ்சுக்குள்ள இருந்து கிளம்பி, அந்த எலும்புக்குப் பின்னால வளைஞ்சு கைக்குப் போற குழாய். இவர் தூங்கிடக் கூடாது சார். ஏதாவது பேசிக்கிட்டே வாங்க.”

பேசுவதா? தண்டபாணியிடம் பீம்ராவ் ஆறு ஆண்டுகளில் பேசியதெல்லாம் ‘அருமை’, ‘மன்னிக்கணும்’, ‘ஆகட்டும்’ ஆகிய மூன்று சொற்கள்தாம். அவர் வெயிலைப் பற்றிச் சொன்னார். அது அரை நிமிடத்தில் தீர்ந்தது. அம்முவின் படிப்பைப் பற்றிக் கேட்டார். பதில் இல்லை. தண்டபாணியின் முகம் மெழுகுபோல் ஆகிக்கொண்டிருந்தது. விரலுக்கடியில் இருந்த குருவிக் குஞ்சு முன்னைவிட வேகமாக, ஆனால் முன்னைவிட மெலிதாகப் படபடத்தது. இந்த மனிதர் இப்படியே போய்விட்டால், போகும் நேரத்திலும் தாம் இவரிடம் ஒரு பொய்யை வைத்துக்கொண்டிருப்போமே என்று பீம்ராவுக்குத் திடீரெனத் தோன்றியது.

“தண்டபாணி, ஒரு உண்மை சொல்லணும்” என்றார். “கோபிக்கக் கூடாது. உங்க வீட்டு இறால் இருக்கு பாருங்க… அது எனக்கு ஒத்துக்காது. ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். உதடு ரெண்டும் வடை மாதிரி ஆயிடுச்சு. ஆறு வருஷமா அடுத்த வீட்டுக்குத்தான் குடுத்துக்கிட்டு இருக்கோம். அருமைன்னு சொன்னது பொய். ஆனா அடுத்த வீட்டுல அருமைன்னுதான் சொன்னாங்க. அது பொய்யில்லை.”

நிலவன் சிரிப்பை அடக்க முடியாமல் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தண்டபாணியின் இமை ஒரு முறை அசைந்ததுபோல் இருந்தது. அசையாததுபோலவும் இருந்தது.

*

கல்மண்டபம் சந்திப்பில் வண்டி மறுபடி நின்றது. ஆனால் இம்முறை முன்னால் ஏதோ கூச்சல் கேட்டது. ஓட்டுநர், “யார்ரா இந்தம்மா!” என்றார்.

மாசானம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும், கோவிந்தம்மா இருந்தது இருந்தபடியே எழுந்து ஓடி வந்திருந்தார். வலக்கையில் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்த கத்தியும் அப்படியே கூட வந்திருந்தது. நடுச்சாலையில் நின்று, அந்தக் கத்தியாலேயே லாரிகளுக்குத் திசை காட்டிக்கொண்டிருந்தார்.

“ரிவர்ஸ் எட்றா! கண்ணு அவிஞ்சு பூட்ச்சா? ஆம்புலன்ஸ் வருது தெரில? ஏய் நைனா, ஒன்னியத்தான்! ஓரமா ஒட்டு!”

இருபது சக்கர லாரிகள் நடைபாதைமீது ஏறி வழிவிட்டன. காவல்துறையும் துறைமுகமும் சேர்ந்து பல ஆண்டுகளாகச் செய்ய முடியாததை அந்த ஒரு கத்தி இரண்டு நிமிடத்தில் செய்தது. பின்கதவைத் திறந்து கோவிந்தம்மா ஏறினார். வண்டி புறப்பட்டது.

ஏறியவர் கண்டது இதைத்தான்: தம் கணவர் பிணம்போல் கிடக்கிறார், அவர் கழுத்தை மன்னிக்கணும் சார் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

“யோவ்! இன்னாயா பண்ணிகினு கீற எம் புருசன் கய்த்துல? எட்யா கைய!”

“மன்னிக்கணும்மா, எடுக்க முடியாது.”

“நான் அவரு காயத்தப் பாக்கணும்! எட்றியா இல்லியா?” என்று கத்தியை நீட்டினார் கோவிந்தம்மா. அவர் நீட்டியது கையைத்தான். அதில் கத்தி இருந்தது என்பதை அவர் மறந்திருந்தார்.

பீம்ராவுக்கு நோட்டில் எழுதிய வாசகம் கண்முன் வந்தது. கையில் கத்தி வைத்திருக்கிற ஆள் வந்து எடு என்று சொன்னால் எடுக்கலாம். இதோ கத்தி. இதோ ஆள். இதோ, எடு என்கிறார். எடுத்துவிட்டால் விரல் எரிச்சல் தீரும், முதுகு நிமிரும், இந்த அம்மையாரின் கோபமும் ஆறும். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை, யார் எடு என்றாலும் எடுத்தும், வை என்றாலும் வைத்தும் பழகிய உடம்பு, ஒரு நூலளவு இளகியது.

அந்த நூலளவுக்கே விரலிடுக்கில் சூடாக ஒரு பீச்சல் அடித்தது.

பீம்ராவ் முழு பலத்தையும் போட்டு அழுத்தினார். அப்போது அவர் வாயிலிருந்து, யார்டில் ஒருவரும் கேட்டிராத, வியாசர்பாடியில் மட்டுமே பிறக்கக்கூடிய குரல் ஒன்று வந்தது.

“எடுக்க முடியாதுன்னா முடியாதுமே! எடுத்தா ஆளு பூட்வாரு! கத்தியக் கீய வச்சிட்டு சொம்மா குந்து!”

கல்மண்டபம் அங்காடியில் இருபது ஆண்டுகளாக எவரும் கோவிந்தம்மாவை உட்காரச் சொன்னதில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். பின்பு மெல்ல, “பூட மாட்டாரே?” என்று கேட்டார்.

“நான் எடுக்காத வரைக்கும் போகமாட்டார்” என்றார் பீம்ராவ். உடனே தம் இயல்புக்குத் திரும்பி, “சத்தமாப் பேசினதுக்கு மன்னிக்கணும்மா” என்றும் சேர்த்துக்கொண்டார்.

கோவிந்தம்மா முந்தானையால் அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். மீன் செதில் ஒன்று புருவத்தில் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கக் கை இல்லாததால், பீம்ராவ் அதனுடனேயே பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

*

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், நுனியில் பலூன் வைத்த மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை எடுத்தார். அதைக் காயத்துக்குள் விட்டு, பலூனை ஊதினால் விரலுக்குப் பதில் அது அடைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். கோவிந்தம்மாவுக்கு அந்தக் குழாயைத் தெரிந்திருந்தது. அவருடைய மாமனாருக்கு அதைத்தான் வேறோர் இடத்தில் போட்டிருந்தார்கள்.

“அய்யய்யே, கலீஜு! அது மூத்திர டியூப்பாச்சே! அத்த இன்னாத்துக்குக் கய்த்துல வுடுற?”

“புதுசும்மா, இப்பத்தான் பிரிச்சேன்” என்றார் அவர் பரிதாபமாக.

அதற்குள் அறுவை மருத்துவர் மகிழினி வந்துவிட்டார். குட்டையான, அவசரமே படாத பெண்மணி. குனிந்து, பீம்ராவின் விரல்களை ஒரு நகைக்கடைக்காரர் தங்கத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இரண்டு மணிக்கட்டுகளையும் தொட்டார்.

“எவ்வளவு நேரமா இப்படியே பிடிச்சிருக்கீங்க?”

“ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆகுதுங்க மேடம். மன்னிக்கணும்.”

“எதுக்கு மன்னிப்பு?”

“வழியை மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“நல்லா மறைங்க. அந்த வழியாத்தான் அவர் போகப் பார்க்கிறார்” என்றார் மகிழினி. பிறகு இளம் மருத்துவரிடம், “பலூன் கையில தயாரா இருக்கட்டும். ஆனா இந்த உடும்புப் பிடியைக் கலைக்க வேண்டாம். விரலோடயே தியேட்டருக்குத் தள்ளுங்க” என்றார்.

ஆகவே பீம்ராவ் தம் வாழ்நாளில் முதன்முறையாக அறுவை அரங்குக்குள் நுழைந்தார். தண்டபாணியின் கழுத்தில் பழுப்பு மருந்து பூசியபோது, பீம்ராவின் கையிலும் முழங்கை வரை பூசினார்கள். இருவர்மேலும் சேர்த்துப் பச்சைத் துணிகளைப் போர்த்தினார்கள். துணிக்கடியில் குனிந்திருந்த பீம்ராவ், தம் காலை மிதித்த செவிலியரிடம் மன்னிப்புக் கேட்டார்.

மகிழினியின் குரல் மட்டும் மேலேயிருந்து கேட்டது. அவர் தம் குழுவினருக்குச் சொல்வதுபோல் பீம்ராவுக்கும் சொன்னார். காயம் கழுத்தின் அடியில் இருந்தாலும், அறுந்த குழாய் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்புகிறது. ஆகவே காயத்தை நேராகத் திறந்தால், தொட்டியின் வாயை அடைக்காமல் தண்ணீர்க் குழாயைக் கழற்றிய கதையாகிவிடும். முதலில் நெஞ்செலும்பைத் திறந்து, இதயத்துக்கு அருகில், குழாய் புறப்படும் இடத்திலேயே ஒரு கிடுக்கி போடவேண்டும். அதுவரை, பீம்ராவ் அவர்களே, நீங்கள்தான் கிடுக்கி.

ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. பீம்ராவ் கண்களை இறுக மூடினார். விரல்கள் தம்முடையவையா என்பதே இப்போது ஐயமாக இருந்தது. யார்டில் அவர் நாள்தோறும் எழுதும் கன்டெய்னர் எண்களை மனத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதினார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு துடிப்பு விரலுக்கடியில் பதில் சொன்னது. ஒரு முறை துடிப்பு தாமதித்தது. பீம்ராவ் அந்த எண்ணை அடித்துத் திருத்தாமல் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். அது வந்தது. எழுதினார்.

எவ்வளவு நேரமோ தெரியாது. விரலுக்கடியில் இருந்த படபடப்பு திடீரென்று அடங்கியது. பீம்ராவின் நெஞ்சும் அடங்கிப் போயிற்று.

“பயப்படாதீங்க, கிடுக்கி விழுந்துடுச்சு” என்றது மகிழினியின் குரல். துணி சற்றே விலகியது. அவர் கையில் கத்தி இருந்தது. “இப்ப மெதுவா விரலை எடுங்க.”

“மன்னிக்கணும் மேடம், எடுக்க முடியாது.”

அரங்கில் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

பீம்ராவும் தாம் சொன்னதைத் தாமே கேட்டார். “ஐயோ, பழக்கத்துல வந்துடுச்சு மேடம்” என்றார். முகமூடிகளுக்குப் பின்னால் சிரிப்பு குலுங்கியது. ஆனால் அவர் சொன்னது பொய்யுமில்லை. விரல்கள் கொக்கிபோல் மடங்கி இறுகிவிட்டிருந்தன. ஒரு செவிலியர் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல வெளியே எடுத்து, அவற்றை ஒவ்வொன்றாக, முறுக்கு பிரிப்பதுபோல் பிரித்துவிட்டார். காயத்திலிருந்து இரத்தம் பாயவில்லை. சும்மா திறந்து கிடந்தது. அதற்குள் இனி மகிழினியின் விரல்கள் போகும்.

வெளியே, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மா, கதவு திறந்ததும் எழுந்தார். பீம்ராவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. முழங்கை வரை பழுப்பேறித் தொங்கிய வெறுங்கையைத்தான் பார்த்தார். பார்த்ததும் அலறினார்.

“அய்யோ! கைய எட்த்துட்டியா? ஏன்யா எட்த்த? எட்க்கவே மாட்டேன்னியே!”

“கத்தி வச்சிருந்தவங்க சொன்னாங்கம்மா” என்றார் பீம்ராவ். பெஞ்சில் அமர்ந்தார். கோவிந்தம்மா பக்கத்தில் அமர்ந்து, அந்தப் பழுப்புக் கையைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். இனி அதை வேறெங்கும் வைக்க இடமில்லை என்பதுபோல, இருட்டும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். மகிழினி வந்து, காலிலிருந்து ஒரு துண்டு இரத்த நரம்பை எடுத்து அறுந்த குழாயைத் தைத்தாயிற்று, வலக்கை மணிக்கட்டில் நாடி வந்துவிட்டது என்று சொன்னபோதுதான் கோவிந்தம்மா கையை விட்டார்.

*

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வியாசர்பாடிக் குடியிருப்பின் மூன்று மாடிகளை நின்று நின்று ஏறி, தண்டபாணியும் கோவிந்தம்மாவும் பீம்ராவின் வீட்டுக்கு வந்தார்கள். தண்டபாணியின் நெஞ்சில் நேர்கோடாக ஒரு தழும்பு இருந்தது. அது மேலே வந்து வலத்தோள் பக்கம் திரும்பியது. வலக்கை விரல்களில் இன்னும் மரமரப்பு. குரல் மட்டும் திரும்பவில்லை. குரலுக்குப் போகும் ஒரு நரம்பு அந்தக் குழாயைச் சுற்றிக்கொண்டுதான் மேலேறுகிறதாம், அதுவும் அடிபட்டிருந்தது. மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காற்றில் காகிதம் உரசுவதுபோல் பேசினார் அவர். யார்டில் தேநீர்க்காரர், தண்டபாணி கேட்காததால் ஒரு வாரம் தேநீர் கொண்டுவரவே மறந்துவிட்டாராம்.

“கால்ல கீற நரம்பு இப்பக் கய்த்தாண்ட கீது சார்” என்றார் தண்டபாணி, கிசுகிசுப்பாக. “நடந்தா கால் வலிக்குதா, கய்த்து வலிக்குதான்னே தெரில. செம பேஜாரு.”

யசோதரா தேநீர் கொண்டுவந்து வைத்தார். கோவிந்தம்மா தம் கூடையைத் திறந்தார். அதற்குள், வாழையிலையால் மூடி, ஒரு பெரிய பாத்திரம் நிறைய இறால் குழம்பு. வழக்கமாக வரும் பையைப்போல் நான்கு மடங்கு இருக்கும்.

“என் கையால நானே வச்சேன் சார். பச்சையாத்தான் குடுத்துகினு இருந்தோம். இன்னிக்கு நீ என் கண்ணு முன்னால துன்னணும். அத்தப் பாக்கத்தான் மூணு மாடி ஏறி வந்தேன்.”

அவரே தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, நீட்டினார். பீம்ராவின் கை தானாக நீண்டது. யசோதரா ஒரு பார்வை பார்த்தார். பீம்ராவின் உதடுகள், வீங்குவதற்கு முன்னேற்பாடாக, இப்போதே துடித்தன.

அப்போது தண்டபாணி முன்னால் சாய்ந்து, மனைவிக்குக் கேட்காதவாறு, அதாவது இப்போது அவர் எப்போதும் பேசும் குரலிலேயே சொன்னார்: “உதடு வடை மாதிரி ஆவும்… இல்ல?”

பீம்ராவ் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“அன்னிக்கு நீ சொன்னதக் கேட்டுகினுதான் இருந்தேன்” என்றார் தண்டபாணி. “ரெண்டு மாசமா அடக்கிகினு கீறேன். இவளாண்ட சொல்லல. நீயே சொல்லு. வண்டில ‘குந்து’ன்னு சொன்னியாமே? அந்த வாயால சொல்லு.”

கோவிந்தம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா குசுகுசுன்னு?”

பீம்ராவ் தட்டைப் பார்த்தார். இரண்டு விரல்களால் நெற்றியைத் தடவினார். அந்த இரண்டு விரல்கள்தாம்.

“மன்னிக்கணும்மா. சாப்பிட முடியாது. இறால் எனக்கு ஒத்துக்காது.”

“எப்பலேர்ந்து?”

“பிறந்ததிலிருந்து.”

கோவிந்தம்மா விரல் விட்டு எண்ணினார். “அப்ப ஆறு வருசமா…?”

“அடுத்த வீட்டுக்கு” என்றார் யசோதரா. ஆறு ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்திருந்த சொல் அது.

தண்டபாணி சிரித்தார். பழைய குரலாக இருந்தால் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். இப்போது பம்ப்பில் காற்றடிப்பதுபோல் மட்டும் கேட்டது. தோள் குலுங்கியது, தழும்பு வலித்தது, வலித்தும் சிரித்தார். கோவிந்தம்மா தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“இத்த அன்னிக்கே சொல்லிருந்தா இன்னாயா? ஒலகத்துல வேற மீனா இல்ல? எம் புருசன் உசுரப் புடிச்சுக் குடுத்தவன் நீ. நீ துன்னாததப் போயி துன்ன வப்பனா?” என்று பொரிந்தவர், சட்டென முகம் மலர்ந்தார். “சரி வுடு. அடுத்த வாரம் நண்டு. நல்லா கெட்டியான ஆம்பள நண்டா எட்த்து வச்சு, பச்சயாவே அனுப்புறேன். நண்டு ஒத்துக்கும்ல?”

யசோதரா கணவரைப் பார்த்தார். தண்டபாணியும் பார்த்தார். இறாலை ஒத்துக்கொள்ளாத உடம்பு நண்டை எப்படி ஒத்துக்கொள்ளும்? பீம்ராவ் வாயைத் திறந்தார். ‘மன்னிக்கணும்’ என்ற சொல் முழுதாக வந்தது. அடுத்த சொல் தொண்டை வரை வந்து, கோவிந்தம்மாவின் மலர்ந்த முகத்தைக் கண்டு, வந்த வழியே திரும்பிவிட்டது.

“நண்டு… அருமையா இருக்கும்மா” என்றார் பீம்ராவ்.

அடுத்த சனிக்கிழமை அடுத்த வீட்டில் நண்டுக் குழம்பு.